நண்பன் உயர்ந்தால் நமக்கென்ன?

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவருக்கு, ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கிவிட்டதைப் பெயர்ப்பலகைகள் மட்டுமே அறிவிக்கின்றன. தமிழ் எழுத்து மறைந்து மலையாள எழுத்து வருகிறது. மண்ணின் நிறமோ, வாழைத் தோட்டங்களோ, ரப்பர் மரங்களோ, திண்ணையில் அமர்ந்திருப்பவரின் முகச்சாயலோ மாறுவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நெய்யாற்றின்கரை வரை நீள்கின்றன. இந்த ஊர்களில் தமிழ் பேசத் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவரும் உண்டு. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் கோபித்துக்கொள்பவரும் உண்டு.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. எனவே அக்காள் விளவங்கோட்டிலும் தங்கை பாறசாலையிலுமாக, ஒரே குடும்பம் இரு மாநிலங்களின் குடிமக்களாயிற்று. அன்று தொடங்கிய ஓர் ஒப்பீடு இன்றும் ஓயவில்லை. அவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது, நமக்கு இங்கே என்ன கிடைக்கவில்லை என்று எல்லைக்கு இருபுறமும் உள்ள உறவினர் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்தவண்ணமே இருக்கின்றனர். ரேஷன் அரிசியிலிருந்து பேருந்துக் கட்டணம் வரை இந்த ஒப்பீட்டுக்குத் தப்பிய பொருள் எதுவுமில்லை. திருமண வீடுகளில் இது வேடிக்கைப் பேச்சாக இருக்கும். சில வேளைகளில் வேடிக்கையாக முடிவதில்லை.

இத்தகைய ஊர்களில் ஒரே கதையை இரு மொழிகளிலும் திரைப்படமாகப் பார்ப்பது இயல்பான செயல். அவ்வாறு நாம் இருமுறை பார்த்த கதைகளுள் ஒன்று, நட்பையும் பொறாமையையும் முன்னேறத் துடிக்கும் ஆசையையும் ஒரே அறைக்குள் அடைத்து வைத்துப் பேசியது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ‘உதயனாணு தாரம்’ என்ற மலையாளப் படமே அது. உதயன்தான் நட்சத்திரம் என்பது பெயரின் பொருள். ஸ்ரீனிவாசன் எழுத, ரோஷன் ஆண்ட்ரூஸ் தம் முதல் படமாக அதை இயக்கினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2008இல், விஜியின் இயக்கத்தில் அது ‘வெள்ளித்திரை’ என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. பிருத்விராஜும் பிரகாஷ்ராஜும் நடித்திருந்தனர்.

கதை பலருக்கும் நினைவிருக்கும். உதயபானு ஓர் உதவி இயக்குநர். ஆண்டுக்கணக்கில் பிறருக்காக உழைத்தபடி, தனக்கென்று ஒரு திரைக்கதையை எழுதுகிறான். அவனுடைய நண்பன் ராஜப்பன் துணை நடிகன். நடிப்பு வராது, ஆனால் கதாநாயகனாகிவிட வேண்டும் என்ற வேட்கை மட்டும் குறையாது. உதயன் எழுதி முடித்த கதையை ராஜப்பன் திருடுகிறான். தானே நாயகனாக நடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதைத் தயாரிப்பாளரிடம் கொடுக்கிறான். படம் வெற்றி பெறுகிறது. ராஜப்பன் சரோஜ்குமார் என்னும் பெரும் நட்சத்திரமாகிறான். உதயனோ வாய்ப்பிழந்து, நடிகையான மதுமதியோடு அமைந்த இல்வாழ்வும் முறிந்து, தெருவில் நிற்கிறான். பின்னர் இயக்குநராகும் வாய்ப்பு ஒன்று வாய்க்கிறது. அதிலும் ஒரு முள்: கதாநாயகனாக அதே சரோஜ்குமாரையே வைத்தாக வேண்டும்.

படம் வெளியான நாளிலிருந்து இதற்குச் சொல்லப்படும் பொருள் ஒன்றே. நண்பனை நம்பாதே, அறையில் உடனிருப்பவனே பெட்டியைத் திறப்பான் என்று பெரியவர்கள் தலையசைத்துக் கூறுவர். இந்தப் பொருள் நமக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. நண்பர்களை நம்பாமல் எல்லை ஊர்களில் ஒரு நாள்கூட வாழ முடியாது. விதை வாழைக்கன்றிலிருந்து மகளின் திருமணம் வரை இங்கே எல்லாம் கைமாற்றிலும் வாக்கிலும் நடப்பவை. படம் கூற வருவது நம்பாமையைப் பற்றியதாக இருந்திருந்தால், அது நம் மக்களுக்குப் பயன்படாத படம்.

முதலில் ஆசையை எடுத்துக்கொள்வோம். ராஜப்பன் பேராசைக்காரன் என்கிறோம். உதயனின் ஆசை அதைவிடச் சிறியதா? இல்லை. ஒருவன் இயக்குநராக விரும்புகிறான், மற்றவன் நாயகனாக விரும்புகிறான். இரண்டும் ஒரே அளவு உயரமுள்ள மரங்கள்தாம். வேறுபாடு ஏறும் வழியில் இருக்கிறது. ஜகதி ஸ்ரீகுமார் ஏற்றிருந்த பச்சாளம் பாசி என்னும் பாத்திரம் ராஜப்பனுக்கு நவரசங்களைக் கற்பிக்கும் காட்சியை இன்றும் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்புக்குள் ஒரு துயரம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளில் கற்க வேண்டியதை ஒரு பிற்பகலில் கற்றுவிட முயலும் மனிதன் அங்கே நிற்கிறான். அவனுக்கு நடிப்பின்மேல் காதல் இல்லை. நடிகனுக்குக் கிடைப்பவற்றின்மேல்தான் காதல். நாம் சிரிப்பது அவன் முகத்தைப் பார்த்தா, நம் உறவில் உள்ள யாரையேனும் நினைத்தா என்பது அவரவர் மனம் அறியும்.

இதே பாறசாலையில் 1924இல் பிறந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாறசாலை பி. பொன்னம்மாள் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கலைக்கூடத்தின் தொடக்கக் கால மாணவி. பள்ளி ஆசிரியையாகப் பணி தொடங்கி, தாம் பயின்ற கலைக்கூடத்திலேயே முதல் பெண் ஆசிரியரானார். பின்னர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் முதல் பெண் முதல்வராகவும் அமர்ந்தார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்பது நெடுங்கால மரபு. 2006இல் அந்த மரபை மாற்றி அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் அவர். அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2021இல் மறைந்தார். அவருக்கு ஆசை இல்லை என்று எவர் கூற முடியும்? இளமையிலேயே அந்த மேடை தமக்குரியது என அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்த எண்ணத்தை அவர் பல்லாயிரம் மணி நேரப் பாடத்துக்குள் வைத்திருந்தார். மேடை வந்தபோது குரல் ஆயத்தமாக இருந்தது. ராஜப்பனுக்கு மேடை முதலில் வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஆசை அன்று, பொறாமை. அதனோடு ஒட்டி நிற்கும் ஒரு நிகழ்ச்சி.

எல்லையோர ஊர் ஒன்றில் நமக்கு நன்கு அறிமுகமான இருவர் வாழைக்குலை வியாபாரம் செய்து வந்தனர். பள்ளிக்கூட நாள் தொட்டே நண்பர்கள். ஒருவர் தமிழ்நாட்டுப் பக்கம், மற்றவர் கேரளப் பக்கம். வீடுகளுக்கிடையே நடந்தே செல்லும் தொலைவு. அவர்களுள் ஒருவர் சிறிய சரக்கு வாகனம் வாங்குவதற்காக வங்கிக் கடன் எடுத்தார். மற்றவர் பிணையாளராகக் கையெழுத்திட்டார். எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று ஒருமுறை படித்துப் பார்க்கலாமே என அவர் மனைவி கூறியபோது, நண்பர் சிரித்துக்கொண்டே சொன்ன விடையை இன்றும் அந்த அம்மையார் நமக்குச் சொல்லிக் காட்டுவதுண்டு: “நமக்குள்ள எதுக்குடே கடலாசு?”

வாகனம் வந்தது. வியாபாரம் விரிந்தது. வாகனம் வாங்கியவர் மார்த்தாண்டத்தில் இன்னொரு கடை திறந்தார். கையெழுத்திட்டவரோ பழைய சந்தையிலேயே இருந்தார். இருவருக்கும் சண்டை எதுவும் நேரவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது. முன்பெல்லாம் விடியற்காலையில் ஒரே தேநீர்க் கடையில் நின்றவர்கள், பிறகு வேறு வேறு கடைகளில் நின்றனர். புதுக்கடைக்காரர் சற்று உரக்கப் பேசத் தொடங்கினார் என்று மற்றவர் கூறினார். மற்றவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புதுக்கடைக்காரர் கூறினார். இரண்டும் உண்மையே.

பிறகு புதுக்கடையில் நட்டம் ஏற்பட்டது. செய்தி சந்தையில் மெல்லக் கசிந்தது. அதைக் கேட்ட அன்று தம் உள்ளத்தில் நிகழ்ந்ததைப் பிணையாளர் ஒளிக்காமல் நம்மிடம் கூறினார். முதலில் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியதாம். ‘ஆட்டம் அடங்கிற்றா?’ என்று தமக்குள் கேட்டுக்கொண்டாராம். அன்று இரவு நன்றாக உறங்கினாராம். மூன்று மாதம் கழித்து, தவணைகள் நிலுவையில் நிற்பதாக வங்கியிலிருந்து அறிவிப்புக் கடிதம் அவர் பெயருக்கு வந்தது.

எந்த நட்டத்தைக் கேட்டு மகிழ்ந்தாரோ, அந்த நட்டம் அவருடையதாகவே இருந்தது.

அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. ஊரார் வழக்கம்போல் நண்பனைத் துரோகி என்றனர். உண்மை வேறாக இருந்தது. கடன் வாங்கியவர் ஏமாற்றும் எண்ணம் கொண்டவர் அல்லர். நட்டத்தை முதல் மாதமே நண்பனிடம் கூறியிருந்தால், பழைய சந்தையில் வாகனத்தை இருவருமாகப் பயன்படுத்தித் தவணையைக் கட்டியிருக்கலாம். கூற நாணம் தடுத்தது. யாரிடம் பெருமை பேசினோமோ அவனிடமே போய்க் கையை விரிப்பதா என்ற நாணம். ஒருவருடைய தற்பெருமையும் மற்றவருடைய மனப்புழுக்கமும் சேர்ந்து, இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவே மூன்று மாத காலம் ஒரு கடனை வளர்த்தன. இதில் திருடன் எவருமில்லை. அதனாலேயே இது ‘உதயனாணு தாரம்’ கதையைவிட நம்மைக் கூடுதலாக வருத்தியது.

பிணை என்பதன் சட்டப் பொருள் என்ன என்பதை இவ்விடத்தில் கூறிவிடுவது நலம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடனாளி கொடுக்க வேண்டியது எதுவோ அது முழுவதும் பிணையாளரும் கொடுக்க வேண்டியதே. முதலில் கடனாளியை இறுதிவரை துரத்திவிட்டு, கிடைக்காத மிச்சத்துக்கு மட்டுமே பிணையாளரிடம் வர வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். ‘சாட்சிக் கையெழுத்துதானே’ என்று எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை. அந்தக் கடன், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் பிணையாளரின் பெயரோடும் சேர்ந்தே இருக்கும். நாளை அவர் தமக்கென்று வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவும் கணக்கில் வரும்.

அதே சட்டம் பிணையாளரைக் கைவிடவும் இல்லை. அவர் கடனைத் தீர்த்துவிட்டால், கடன் கொடுத்தவருக்குக் கடனாளிமீது இருந்த உரிமைகள் அவருக்கு வந்துசேரும் என்பது 140ஆம் பிரிவு. முறையாகச் செலுத்திய தொகையைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெறலாம் என்பது 145. பிணையாளரின் ஒப்புதலின்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பின் நேரும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பாகமாட்டார் என்கிறது 133. இவற்றை அறிந்து கையெழுத்திடுவது நட்புக்கு இழுக்கு அன்று. நண்பனுக்காக எவ்வளவு சுமக்கத் துணிந்திருக்கிறோம் என்பதை அளந்து தெரிந்துகொள்வதே அது. அளவு தெரிந்த பிறகும் கையெழுத்திடுபவனே உண்மையில் நண்பன். தெரியாமல் இடுபவன் நல்லவன், அவ்வளவே.

உதயனும் தன் அளவில் ஒரு பிழை செய்தான் என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். எழுதிய கதைக்கு அவனிடம் வேறு சான்று எதுவும் இல்லை. இந்தியாவில் ஒரு படைப்பு எழுதப்பட்ட அக்கணமே, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை எழுதியவனுக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனால் நான்தான் எழுதினேன், இந்த நாளில் எழுதினேன் என்று காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். அதற்காகவே எழுத்தாளர் சங்கங்கள் திரைக்கதைகளைப் பதிந்து வைக்கின்றன. உதயன் மொத்த வாழ்வையும் எழுதிய ஒரே படியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தது போன்ற நிலை அது.

தாள் இருந்தாலும் எல்லா வழக்கும் வெல்லும் என்பதில்லை. இதற்கு நம் நீதிமன்ற வரலாற்றில் பெயர் பெற்ற வழக்கு ஒன்று உண்டு. எல்லை ஊர்க்காரர்களான நமக்கு அது மிகவும் சுவையானது. டெல்லியைச் சேர்ந்த நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் நாடகத்தை எழுதி 1954இல் மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் மதராஸிக் குடும்பம் ஒன்றும் அண்டை வீடுகளில் வாழ்கின்றன, பிள்ளைகள் காதலிக்கின்றனர், பெற்றோர் மொழியையும் மாநிலத்தையும் காட்டித் தடுக்கின்றனர். கதையைக் கேட்டறிந்த மோகன் சேகல், 1956இல் ‘நியூ டெல்லி’ என்னும் இந்திப் படத்தை வெளியிட்டார். கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞர், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். தம் நாடகமே திருடப்பட்டதென்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்தும் விதத்துக்கே உரிமை என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். மாநிலங்கள் மொழிவழி பிரிந்த அதே 1956இல், மாநில வேற்றுமையை மறக்கச் சொல்லி வந்த ஒரு படத்தின்மேல் இருபதாண்டுக்கும் மேலாக உரிமை வழக்கு நடந்தது என்பது நம்மைப் போன்றோருக்குப் புன்னகை தரும் செய்தி.

ஒரு சிறு குறிப்பையும் ஒளிக்காமல் கூற வேண்டும். கதைத் திருட்டைப் பற்றிய ‘உதயனாணு தாரம்’ படத்தின் இறுதிப் பகுதி, நாயகன் அறியாமலே அவனை வைத்துப் படத்தை எடுத்து முடிக்கும் உத்தி, 1999இல் வந்த ‘பௌஃபிங்கர்’ என்னும் ஹாலிவுட் படத்தை நினைவூட்டுகிறது. இதைக் கண்டவர் பலர். திருட்டு என்று நாம் கூறமாட்டோம். மேலே கண்ட தீர்ப்பும் அவ்வாறு எளிதில் கூற விடாது. ஆயினும், பிறர் முதுகில் உள்ள அழுக்கைச் சுட்டும் விரலுக்கு ஒரு முதுகு இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

அந்த இறுதிப் பகுதியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து. கடைசிக் காட்சிகளை நடித்துக் கொடுக்காமல் சரோஜ்குமார் வெளியேறிவிடுகிறான். உதயன் அவனை அடிக்கச் செல்லவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மறைவாகக் கேமராக்களை வைத்து, சரோஜ்குமாரின் கோபத்தையும் அச்சத்தையும் அவன் அறியாமலே பதிந்து, தன் படத்தை முடிக்கிறான். பழிவாங்கலாகத் தொடங்கியது வேலையாக மாறிவிடுகிறது. நடிக்கவே வராதவன் என்று எல்லோரும் அறிந்த ராஜப்பன், தன்னையறியாத அந்தக் கணங்களில்தான் முதன்முறையாக மெய்யாக நடிக்கிறான். எதிரியைச் சிறந்த நடிகனாக்காமல் தன் படம் வெல்லாது என்ற இடத்துக்கு உதயன் வந்து சேர்கிறான். பிணை என்பதன் பொருளை அந்தக் காட்சியைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை: அவன் விழுந்தால் நானும் விழுவேன்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. கதையைத் திருடும் ராஜப்பனாக நடித்தவர், அந்தப் படத்தின் கதையை எழுதிய ஸ்ரீனிவாசனே. எழுதுகிறவன் பாதிக்கப்பட்டவனின் வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். இவர் திருடனின் வேடத்தை எடுத்துக்கொண்டார். பொறாமைக்காரன் என்பவன் எங்கோ அயலில் இருப்பவன் அல்லன் என்று அவர் அறிந்திருந்தார் போலும். நட்பின் கதைகளை அவர் முன்பும் எழுதியிருந்தார். 1987இல் வந்த ‘நாடோடிக்காற்று’ படத்தில் தாசனும் விஜயனும் வேலையில்லா நண்பர்கள். பட்டம் பெற்றவன் என்று தாசன் அலட்டிக்கொள்வதும், விஜயன் முறைப்பதும், இருவரும் வங்கிக் கடனில் பசு வாங்கிப் பால் இல்லாமல் விழிப்பதும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. வங்கியின் இதழில் அந்தப் பசுக்களை நினைவுகூர்வது சற்றே துணிச்சல்தான். அந்த இருவருக்கிடையிலும் பொறாமை நாள்தோறும் உண்டு. ஆனால் இருவரும் அதை உரக்கப் பேசிச் சண்டையிட்டுத் தீர்த்துவிடுகின்றனர். அடுத்த வேளைச் சோற்றுக்குள் அது கரைந்துபோகிறது. உதயனும் ராஜப்பனும் அவ்வாறு சண்டையிட்டதே இல்லை.

நம் வாழைக்குலை வியாபாரிகளும் சண்டையிடவில்லை.

2007இல் ‘கத பறயும்போள்’ படத்தில் ஸ்ரீனிவாசன் மறுபக்கத்தையும் எழுதினார். அடுத்த ஆண்டே அது ரஜினிகாந்தும் பசுபதியும் நடிக்க ‘குசேலன்’ ஆகத் தமிழுக்கு வந்தது. ஊருக்குப் படப்பிடிப்புக்காக வரும் பெரும் நட்சத்திரம் தன் பால்ய நண்பன் என்று அறிந்தும், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் அவரைச் சென்று பார்க்கக் கூசுகிறார். ஊரே அவரை நச்சரிக்கிறது. இங்கே உயர்ந்தவன் மறக்கவில்லை, தாழ்ந்தவன்தான் ஒதுங்குகிறான். நண்பன் உயர்ந்ததும் நாம் சுருங்கிக்கொள்வதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அதில் பாதி அடக்கம். மீதி என்ன என்பதை ஆராயாமல் விடுவதே நமக்கு வசதி.

பொறாமை ஒருவனுக்கு ஒருவன் என்ற அளவில் நின்றால் இரண்டு குடும்பங்கள் துன்புறும். ஊரே பொறாமை கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சான்று உண்டு. மலையாளத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர், தமிழ் பேசும் நாட்டிலிருந்து சென்றவர். குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார். ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தைத் தாமே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நாயகனாகவும் நடித்தார். நாயகியாகத் தலித் பெண்ணான பி.கே. ரோஸியை நாயர் குலப் பெண் வேடத்தில் நடிக்க வைத்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் திரையிடப்பட்டபோது கூட்டம் கொதித்தெழுந்தது. திரைமேல் கற்கள் பறந்தன. ரோஸி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியல் எல்லாவற்றையும் இழந்து, பல் மருத்துவராக வாழ்ந்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். முதுமையில் அவருக்கு உதவித்தொகை கிடைக்காமல் போனதற்கு, அவர் தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவர் பெயரால் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல்தான்.

அந்தத் திரையரங்கில் கல்லெறிந்தவர்களிடம் இருந்தது சாதி வெறி. அதை வெறும் பொறாமை என்று குறைத்துக் கூறிவிட முடியாது. எனினும் சாதி வெறியின் அடியில், ‘இவள் எப்படி அங்கே ஏறலாம்?’ என்ற கேள்வி கிடக்கிறது. அதே கேள்விதான் சிறிய வடிவில், ‘என்னோடு சந்தையில் நின்றவன் எப்படி மார்த்தாண்டத்தில் கடை திறக்கலாம்?’ என்று நம் நண்பரின் நெஞ்சில் எழுந்தது. டேனியலின் துணிவை ஆராதிக்கும் நாம், ஒரு பொருளாதார உண்மையையும் பார்க்க வேண்டும். அவர் நிலத்தையெல்லாம் ஒரே படத்தில் இட்டார். விழுந்தபோது தாங்கிக்கொள்ள ஒரு கையும் இல்லை. ஆசைப்படுபவனுக்குக் கடன் கொடுக்க நிறுவனமும், தோள் கொடுக்க நண்பனும் வேண்டும். அவருக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

வாழைக்குலை வியாபாரிகளுக்கு அவற்றுள் ஒன்றேனும் வாய்த்திருந்தது. அறிவிப்புக் கடிதம் வந்த வாரத்தில், பிணையாளரின் மனைவியே எல்லை கடந்து சென்று நண்பர் வீட்டு வாசலில் நின்றார். கத்தினார். அக்கம்பக்கம் கூடும்வரை கத்தினார். அண்ணன் என்று அழைத்து வந்தவரிடம் கேட்கக்கூடாதவற்றையெல்லாம் கேட்டார். அதுவரை வாய் திறவாமல் இருந்த அந்த மனிதர், திண்ணையில் அமர்ந்து, கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து, நட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அந்த அம்மையாருக்குப் படித்துக் காட்டினார். மார்த்தாண்டத்துக் கடை மூடப்பட்டது. வாகனம் பழைய சந்தைக்குத் திரும்பியது. நிலுவைத் தவணைகள் தீர இரண்டு ஓணமும் ஒரு பொங்கலும் கடந்தன. வளையல்கள் இரண்டில் ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று இன்னும் வரவில்லை.

சென்ற ஆண்டு அந்த வாகனத்தைக் கொடுத்துவிட்டுச் சற்றுப் பெரிய வண்டி வாங்க இருவரும் முடிவு செய்தனர். இம்முறை கடன் இருவர் பெயரிலும். வங்கியில் தாள்களை நீட்டியபோது பழைய பிணையாளர் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. தமிழில் படித்துக் காட்டுமாறு அலுவலரைக் கேட்டார். அடுத்திருந்த நண்பர், தமக்கு மலையாளத்திலும் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும் என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். பின்புற நாற்காலியில் அமர்ந்திருந்த அந்த அம்மையார், ஒற்றை வளையல் கையை மடியில் வைத்தபடி, இரண்டு மொழியிலும் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.